நாற்காலியில் வைத்த பிடில்

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் கிளோவிஸ் தன் தோணியைத் தண்ணீரில் தள்ளியபோது அவன் மனசில் ஒரே காரியம்தான் இருந்தது. மதியத்துக்குள் சிக்னேயிடம் 'போகாதே, இங்கேயே இருந்துவிடு' என்று சொல்லியாக வேண்டும். மதியம் ஆனால் அவள் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவாள். போனால் இனி வரமாட்டாள். இதை அவன் அக்கா வெர்னிஸ் முந்தின நாள் சாயங்காலமே போட்டு உடைத்துவிட்டாள்.

"அடுத்த வருஷம் லூசியானா பக்கமே வரலையாம்டா. வேற ஊரு பாத்துட்டாளாம். உன் வாயில என்ன பூடான் கறியை அடைச்சு வெச்சிருக்கியா? கேட்டுத் தொலையேன்!"

"மூணு வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று முணுமுணுத்தான் கிளோவிஸ். அவன் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். கோளாறே அந்த நம்பிக்கையில்தான் இருந்தது.

சிக்னே வடக்கே மினசோட்டாக்காரி. துலூத் என்கிற ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். ஐம்பதைத் தாண்டியவள், கல்யாணம் செய்து, ஒத்துவராமல், ரொம்ப நாளைக்கு முன்பே பிரிந்தவள். பாட்டும் சாப்பாடும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று யாரோ சொல்லி, மூன்று வருஷத்துக்கு முன்பு இந்த அச்சாஃபலாயா சதுப்புக்கு வந்து சேர்ந்தாள்; அப்புறம் வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தாள். வெளியூர்க்காரர்கள் வருவார்கள், முதலையைப் படம் பிடிப்பார்கள், போவார்கள். இவள் படமே பிடிக்கவில்லை. தோணியில் உட்கார்ந்து தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மங்கலாகத் தெரிந்த மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாள் பூரா மத்தவங்களுக்குத் தெளிவாத் தெரிய வைக்கிறேன். எனக்குக் கொஞ்சம் மங்கலா இருக்கட்டுமே" என்றாள். கிளோவிஸ் அந்த இடத்திலேயே மனசைப் பறிகொடுத்துவிட்டான்.

இன்றைக்கும் அவள் கண்ணாடியைக் கழற்றி மடியில்தான் வைத்திருந்தாள். பனிமூட்டம் தண்ணீரோடு தண்ணீராகக் கிடந்தது. எது கரை, எது நீர் என்று சொல்ல முடியாது. சைப்ரஸ் மரங்கள் இடுப்பு வரைக்கும் காணாமல் போய், மேல் பாதி மட்டும் வானத்தில் தொங்கின. கிளைகளிலிருந்து தாடிப்பாசி இறங்கி, தோணி போகும்போது அவர்கள் தோளைத் தொட்டுவிட்டுப் போனது. கரையோரம் நீல ஐரிஸ் பூத்திருந்தது. கிளோவிஸ் பின்னால் நின்று கழியைச் சேற்றில் ஊன்றி ஊன்றித் தள்ளினான். கழி தண்ணீரை விட்டு வெளியே வரும்போது சொட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. எங்கோ ஒரு தவளை ஆரம்பித்து, என்ன நினைத்ததோ, பாதியில் நிறுத்திக்கொண்டது.

கரைமேட்டுப் பெட்ரோல் கடையில் வாங்கிய பூடான் காகிதத்துக்குள் இன்னும் சூடாக இருந்தது. அரிசியும் பன்றிக்கறியும் வெங்காயத்தாளும் குடலுக்குள் அடைத்து வேகவைத்தது. சிக்னே இப்போது இந்த ஊர்க்காரர்கள் மாதிரியே ஒரு முனையைக் கடித்து, தோலை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை உறிஞ்சக் கற்றுக்கொண்டிருந்தாள். முதல் வருஷம் கத்தியும் முள்கரண்டியும் கேட்டவள். அவள் விரல் நுனியில் எண்ணெய் மினுங்கியதையே கிளோவிஸ் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் கொஞ்சம் நின்னு பாக்கட்டுமா?" என்றாள்.

"நில்லுங்க. ஆனா முட்டிய இறுக்காதீங்க. தண்ணியப் பாக்காதீங்க, பாத்தா பயம் வரும். தோணி போற போக்குல போங்க. நீங்க எதையும் செய்ய வேண்டாம், அதுவே உங்களைக் கொண்டுபோகும்."

அவள் எழுந்தாள். தோணி ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, நேரானது. கைகளை லேசாக விரித்துக்கொண்டு அவள் பனிக்குள் நின்றபடியே மிதந்து போனாள். முதுகுதான் அவனுக்குத் தெரிந்தது. இப்போது சொல்லிவிடலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று கிளோவிஸ் வாயைத் திறந்தான்.

"அதோ, பாம்புத்தாரா" என்றான்.

அவனுடைய வியாதி அது. பேச்சு வராத இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு பறவையின் பேரைச் சொல்லிவிடுவான். டூகா நடனக் கூடத்தில் பிடில் வாசிப்பதுபோக, வெளியூர்க்காரர்களுக்குப் பறவை காட்டிப் படகோட்டுகிற பிழைப்பில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அவன் அம்மா செத்த அன்றைக்குத் துக்கம் விசாரிக்க வந்த பாதிரியாரிடம் ஜன்னலைக் காட்டி "மரங்கொத்தி" என்றவன் அவன்.

சிக்னே திரும்பாமலே சிரித்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், கிளோவிஸ். நான் ஏன் இனிமே வரலைன்னு வெர்னிஸ் கேட்டாங்க. அவங்ககிட்டச் சொல்லலை."

கழி சேற்றிலேயே நின்றுவிட்டது.

"யூலிஸ் நல்ல மனுஷன். அவர் மாதிரி ஆடுற ஆளை நான் பாத்ததில்லை. நீங்க உங்க சிநேகிதருக்காக மூணு வருஷமா எவ்வளவு பாடுபடுறீங்கன்னு எனக்குத் தெரியாம இல்லை. கூடத்துல ஜோடியா ஆடுற கடைசி வால்ட்ஸ் வந்ததும் என் பேரைச் சொல்லி, என்னை எழுப்பி, அவர் கையில புடிச்சுக் குடுத்துட்டு, நீங்க கண்ணை மூடிக்கிட்டு வாசிக்க ஆரம்பிச்சிடுறீங்க. ஆனா எனக்கு அவர்மேல அப்படி எதுவும் தோணலை. தோணாத இடத்துக்கு வருஷா வருஷம் வந்து நின்னா, அது அவருக்கும் நல்லதில்லை." கொஞ்சம் தயங்கி, "எனக்கும்தான்" என்றாள்.

இல்லை, அப்படி இல்லை, அது யூலிஸுக்காக இல்லவே இல்லை என்று கிளோவிஸ் உள்ளுக்குள் கத்தினான். அந்த நேரம் பார்த்துப் பனி ஒரு பக்கமாகக் கிழிந்தது. கிழிசலுக்குள் ஒரு பட்ட மரம். மரம் முழுக்க இளஞ்சிவப்பாகப் பறவைகள். அத்தனையும் ஒன்றாக எழுந்து, அவர்கள் தலைக்கு மேலே சத்தமில்லாமல் வட்டமிட்டு, மறுபடி பனிக்குள் கரைந்துபோயின.

"கரண்டிவாயன்" என்றான் கிளோவிஸ்.

"அழகு" என்றாள் சிக்னே. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கிளோவிஸ் தோணியைத் துறைப் பக்கம் திருப்பினான்.

டூகா கூடம் சனிக்கிழமை காலையில்தான் திறக்கும். உச்சிவேளையில் மூடிவிடும். பலகைச் சுவர், தேய்ந்து பளபளத்த பலகைத் தரை, ஓரத்தில் ஒரு படி உயரத்துக்கு மேடை. காலை வெயிலிலேயே பீர் குடிப்பார்கள், ஆடுவார்கள், வியர்ப்பார்கள், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடைசி வால்ட்ஸை யாராவது ஒரு பெண்ணின் பேர் சொல்லித்தான் வாசிப்பார்கள். பேர் சொல்லப்பட்டவள் உட்கார்ந்திருக்கக் கூடாது. முதல் சுற்று முழுக்க அவளுக்கும் அவளோடு ஆடுகிறவனுக்கும் மட்டும்தான் தரை. மற்றவர்கள் சுவரோரம் நின்று பார்ப்பார்கள். அவளைத் தனியாக நிற்க விட்டால் கூடத்துக்கே அவமானம். அதனால் யாரும் முன்வராவிட்டால், ஊரிலேயே நன்றாக ஆடுகிற யூலிஸ் எழுந்து போய்க் கை நீட்டுவான். மூன்று வருஷமாக நடந்தது இதுதான்.

கிளோவிஸ் அதைத் தப்பாகவே நினைத்ததில்லை. காரணம் அவன் வீட்டில் இருந்தது. அவன் அப்பாவும் பிடில்காரர். அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப் போயிருந்தது. மேடையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பாள். அப்பா அவள் பேர் சொல்லி ஒரு வால்ட்ஸ் வாசித்தார், ஆட முடியாதவள் என்று அவளை யாரும் எழுப்பவில்லை, உட்கார்ந்தே கேட்டாள், அடுத்த மாதம் கல்யாணம் நடந்தது. அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவனுக்கு, ஒரு பெண்ணிடம் மனசைச் சொல்ல வேறு வழியும் உண்டு என்பது தோன்றவே இல்லை. சிக்னேவுக்காக ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து புதுசாக ஒரு மெட்டுக் கட்டினான். அதைவிடப் பெரிதாக ஒருத்தன் என்னத்தைக் கொடுத்துவிட முடியும் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகி வாசித்தான். கண்ணைத் திறந்திருந்தால், அவள் யார் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறாள் என்பதாவது தெரிந்திருக்கும்.

கூடத்தின் பின்கட்டில் வெர்னிஸ் கம்போ குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். மாவைக் கொழுப்பில் போட்டுச் சிவக்க வறுக்கிற வாசனை வாசல்வரை வந்தது. தோளில் அக்கார்டியன் பட்டை, கையில் அகப்பை. அவளுக்கு இரண்டும் ஒரே வேலை. கிளோவிஸ் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை கிண்டுவதை நிறுத்தவில்லை. வறுக்கிற மாவைப் பாதியில் விட்டால் கருகிவிடும். தம்பி கருகினால் பரவாயில்லை.

"அட மடச் சாம்பிராணி! யூலிஸ் துடைப்பக்கட்டை கிடைச்சாக்கூட அதோட ஒரு சுத்து ஆடுவான். அவனுக்கு நீ மாப்பிள்ளைத் தோழனாமா? மூணு வருஷமா அந்தப் பொண்ணு நீ வந்து கை நீட்டுவேன்னு பாத்துக்கிட்டு நின்னிருக்கா. நீ என்னடான்னா தியானத்துல உக்காந்திருக்கே."

"எனக்கு என்ன தெரியும்…"

"இப்பத் தெரிஞ்சிருச்சில்ல? இன்னிக்குக் கீழ எறங்கு. அவளோட ஆடு. வால்ட்ஸை நான் பாத்துக்கிறேன்."

கிளோவிஸ் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்தது. "அக்கா, எனக்கு ஆடத் தெரியாது."

அகப்பை நின்றது. மாவு கருகினாலும் பரவாயில்லை என்று வெர்னிஸ் திரும்பி அவனைப் பார்த்தாள். "என்னது?"

"பன்னெண்டு வயசுல அப்பா என்னைத் தூக்கி மேடையில உக்கார வெச்சாரு. அப்புறம் எங்க ஆடுறது? ஊரே ஆடும், நான் வாசிப்பேன். யாரும் கேக்கலை, நானும் சொல்லலை."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்த சிரிப்பில் தோளில் கிடந்த அக்கார்டியனும் விரிந்து ஒரு தடவை முனகியது. ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு வாசித்தவன், நூறு ஜோடிக் கால்களை ஒரே நேரத்தில் ஆட்டிவைக்கத் தெரிந்தவன், தன் இரண்டு காலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஷா" என்றாள். அந்தப் பக்கத்தில் கண்ணே என்று சொல்கிற சொல் அது. தம்பியை அவள் அப்படிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. "தெரியாதுன்னா தெரியாதுன்னு அவகிட்டயே சொல்லு. ஆனா தயவுபண்ணிக் கொக்கு, குருவின்னு எதையாவது காட்டித் தொலைக்காத."

அன்றைக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிய ஆண்களும் பூப்போட்ட பாவாடைக்காரிகளும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் தூசி அவர்களோடு சேர்ந்து சுழன்றது. தாளம் போடும் முக்கோணக் கம்பியின் கிணிகிணியும் பலகைத் தரையில் தேயும் கால்களின் சரசரப்பும் கலந்து, கிளோவிஸுக்கு எல்லாமே தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல் இருந்தது. சிக்னே பச்சைச் சட்டை போட்டிருந்தாள். சுவரோர மேஜையில் உட்கார்ந்து, கம்போவுக்குள் உருளைக்கிழங்கு மசியலைப் போட்டுக் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதல் வருஷம் இப்படிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து முகம் சுளித்தவள். கார் சாவி தட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கிளோவிஸ் இன்றைக்குக் கண்ணை மூடாமல் வாசித்தான். கண்ணைத் திறந்து வாசித்தால் எவ்வளவு பயமாக இருக்கிறது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெயில் ஜன்னலை விட்டு ஏறியது. கடைசி வால்ட்ஸுக்கு நேரம் வந்தது. தரை தானாகக் காலியானது. கிளோவிஸ் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் போனான்.

"இது சிக்னேவுக்கு."

அவள் எழுந்தாள். கார் சாவியைக் கைப்பையில் போட்டுவிட்டுத்தான் எழுந்தாள். மெதுவாக நடந்து தரையின் நடுவில் வந்து நின்றாள். முகத்தில் விடைபெறுகிறவர்களின் சிரிப்பு இருந்தது. வழக்கப்படி யூலிஸ் தலைமுடியைத் தடவிக்கொண்டு, பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினான்.

"யூலிஸ், உக்காரு" என்றான் கிளோவிஸ். ஒலிவாங்கியில் சொன்னதால் அது கூடம் முழுக்க இடித்தது.

யூலிஸ் பாதி வழியில் நின்றான். "நான் என்னடா தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலை, மச்சான். நான்தான் பண்ணேன். உக்காரு."

அப்புறம் அந்தக் கூடத்தில் யாரும் பார்த்திராத ஒன்று நடந்தது. கிளோவிஸ் பிடிலை நாற்காலியில் வைத்தான். வில்லை அதன்மேல் குறுக்கே வைத்தான். முக்கோணக் கம்பி அடிக்கிறவர் தட்டுவதற்கு ஓங்கிய கையை அப்படியே வைத்திருந்தார். வெர்னிஸ் ஒருத்திதான் எதற்கும் காத்திராமல் அந்த மெட்டை எடுத்தாள். தனி அக்கார்டியனில் அது வேறு பாட்டாக இருந்தது. மழைக்காலம் முழுக்க அவன் வீட்டுக் கூரையில் பெய்ததெல்லாம் அதற்குள் இருந்ததை அவனே இப்போதுதான் கேட்டான்.

மேடைக்கு ஒரே ஒரு படி. அதில் இறங்க அவனுக்கு ஒரு யுகம் பிடித்தது. நடந்து போய் அவள் முன்னால் நின்றான். கை நீட்டினான். வாயைத் திறந்தான். பழக்க தோஷத்தில் கண் தானாக ஜன்னல் பக்கம் போனது. நல்லவேளை, ஜன்னலில் ஒன்றும் இல்லை.

"இது யூலிஸுக்காக இல்லை" என்றான். "ஒரு தடவைகூட யூலிஸுக்காக வாசிக்கலை. எல்லாம் நான்தான். போகாதீங்க, சிக்னே. இங்கயே இருங்க. எனக்கு ஆடத் தெரியாது. அதையும் சொல்லிடுறேன்."

சிக்னே அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் அவள் கண் நிறைந்து வழிந்தது. கண்ணாடியைக் கழற்றி மடித்து, அவன் சட்டைப் பையில் போட்டாள். அவன் கையை எடுத்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டாள்.

"முட்டிய இறுக்காத" என்றாள். "கீழ பாக்காத. பாத்தா பயம் வரும். நான் போற போக்குல வா."

அவர்கள் நகர்ந்தார்கள். அதை ஆட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கிளோவிஸ் ஒரு காலை எடுத்து வைத்தால் இன்னொரு கால் கலந்து பேசிவிட்டுத்தான் வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் கூடம் நழுவிப் போனது. சுவரோரம் நின்ற முகங்கள் மங்கி, மரங்கள் மாதிரி ஆகி, பின்வாங்கின. தரை தண்ணீராகி லேசாக ஆடியது. யார் தள்ளுகிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக இந்த ஊர் ஜனங்களை இப்படி ஓர் இடத்துக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோமா என்று நினைத்து அவனுக்கு அழுகை வந்தது. வந்ததை அவன் மறைக்கவில்லை.

சுற்றிக்கொண்டே அப்பா, அம்மா கதையை அவள் காதில் சொன்னான். சூம்பிய காலை, மேடையோர நாற்காலியை, அப்பா வாசித்த வால்ட்ஸை எல்லாம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். முதல் சுற்று எப்போதோ முடிந்துவிட்டது. வேறு யாரும் தரையில் இறங்கவில்லை. மூடுகிற நேரம் தாண்டியும் வெர்னிஸ் நிறுத்துகிறவளாக இல்லை.

"அது சரி" என்றாள் சிக்னே. "அடுத்த சனிக்கிழமை நீ மேடையில இருப்பியே. அப்ப நான் என்ன பண்றது?"

அடுத்த சனிக்கிழமை. அப்படியென்றால் இருக்கப்போகிறாள் என்று கிளோவிஸுக்குப் புரிந்தது. அவசரப்பட்டு, "மேடையோரம் ஒரு நாற்காலி போடச் சொல்றேன். எங்க அம்மா மாதிரி உக்காந்து கேளு" என்றான். அப்படிச் சொன்ன வேகத்தில் அவள் பாதத்தின்மேல் தன் முழுப் பாரத்தையும் வைத்தான்.

அவள் "ஆ!" என்று ஒற்றைக் காலில் நின்றாள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, கூடமே கேட்கும்படி சிரித்தாள்.

"எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "நாற்காலியில அந்தப் பிடில் உக்காந்து கேக்கட்டும். நீ ஆடு."

வெர்னிஸ் அந்த மெட்டை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தாள்.